மணலி வழியாக ஒரு குறுக்குத் தடம் போடுங்கள்

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தின் உறுப்பினர் செயலருக்கும் திட்டப் பிரிவு அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் மணலியில் குடியிருப்பவள். மாதவரத்தில் ஒரு குடோனில் கணக்கு எழுதுகிறேன். லைட் மெட்ரோ, மெட்ரோலைட், டிராம் என்று மெட்ரோவைவிடச் சின்ன ரயிலைப் பற்றிச் சில வருடங்களாகப் பேச்சு அடிபடுகிறது. தாம்பரம்–வேளச்சேரி பக்கம் கொண்டுவரலாமா என்று 2019 வாக்கிலிருந்தே பேசுகிறார்கள். வரட்டும், அந்தப் பக்கத்து ஜனங்களும் படாத பாடுதான் படுகிறார்கள். ஆனால் அந்த மாதிரி ரயிலுக்கென்றே அளவெடுத்துத் தைத்தாற்போல ஓர் இடம் வடசென்னையில் இருக்கிறது: விம்கோ நகரிலிருந்து மணலி வழியாக மாதவரம் பால்பண்ணை வரை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் பெருநகர வரைபடத்தில் வலது மேல் மூலையைப் பாருங்கள். கோடுகள் எல்லாமே வடக்கு தெற்காகத்தான் ஓடுகின்றன. கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்று கடலோரமாக மேலே ஏறுகிறது. 2021 பிப்ரவரியில் திறந்த மெட்ரோ நீட்டிப்பு, வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 9 கிலோமீட்டர், அதுவும் அதே ரயில் பாதைக்குக் கூப்பிடு தூரத்தில் அதே திசையில் போகிறது. மேற்கே போனால், இப்போது கட்டிவரும் இரண்டாம் கட்ட மெட்ரோவின் மூன்றாவது, ஐந்தாவது வழித்தடங்கள் இரண்டும் மாதவரம் பால்பண்ணையில் தொடங்கித் தெற்கே சிறுசேரி சிப்காட்டுக்கும் சோழிங்கநல்லூருக்கும் இறங்குகின்றன. விம்கோ நகருக்கும் மாதவரம் பால்பண்ணைக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும். அந்த இடைவெளியில் தண்டவாளம் என்று பார்த்தால் தொழிற்சாலைகளுக்குப் போகும் சரக்குப் பாதைதான். எண்ணெய்க்கும் உரத்துக்கும் ரயில் இருக்கிறது, ஆளுக்கு இல்லை.

ஆக, மணலியில் இருப்பவர் மெட்ரோ ஏற வேண்டுமென்றால் முதலில் ஷேர் ஆட்டோவில் கிழக்கே திருவொற்றியூருக்கோ விம்கோ நகருக்கோ போகணும். திருவொற்றியூரில் இருப்பவர் மாதவரம் குடோனுக்கு வேலைக்கு வரணும் என்றால் இரண்டு வண்டி மாறணும். எங்கள் குடோனில் சரக்கு அடுக்கும் பெண்கள் பாதிப்பேர் எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்பிலிருந்து வருகிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு காசிமேட்டுப் பக்கம் இருந்தவர்களை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். வீடு கொடுத்தவர்கள் வேலைக்குப் போக வழியை யோசிக்கவில்லை. வீட்டுக்காரர் இன்னும் காசிமேட்டில் படகுக்குப் போகிறார், மனைவி மாதவரத்துக்கு வருகிறார், பிள்ளை திருவொற்றியூரில் படிக்கிறது. ஒரே வீட்டிலிருந்து மூன்று திசை. இதில் கிழக்கு மேற்காகப் போகிறவருக்குத்தான் வழியே இல்லை.

"மணலிக்கு யார் சார் போகப்போறாங்க, கம்பெனிதானே இருக்கு" என்று கேட்பவர்கள் உண்டு. 2011-ல் மணலி, திருவொற்றியூர், மாதவரம், கத்திவாக்கம் எல்லாவற்றையும் மாநகராட்சியோடு சேர்த்தீர்கள். மணலி இரண்டாவது மண்டலம். புதுநகர், சின்னசேக்காடு, மாத்தூர் என்று குடியிருப்புகள் பெருகிக்கொண்டே போகின்றன. வரி சென்னை வரிதான்.

சரி, மெட்ரோவையே கேட்கலாமே, ஏன் லைட் ரயில்? நியாயமான கேள்வி. இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி ரூபாய். சுரங்கமும் சேர்த்துச் சராசரி போட்டால் கிலோமீட்டருக்கு 500 கோடிக்கு மேல் வருகிறது. அவ்வளவு கூட்டம் எங்கள் பக்கம் இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள், அது உண்மைதான். அதே சமயம் இப்போது விடுகிற பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் தாங்கவில்லை என்பதும் உண்மை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஊர்களுக்காகத்தான் ஒன்றிய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2019-ல் மெட்ரோலைட் என்று ஒரு விவரக்குறிப்பை வெளியிட்டது. மூன்று பெட்டி, 300 பேர் வரை, சாலையிலேயே தனியாகப் பிரித்த தடம். பிரம்மாண்டமான நிலையம் வேண்டாம், பையை ஸ்கேன் செய்யும் இயந்திரம் வேண்டாம், தானாகத் திறக்கும் டிக்கெட் கதவு வேண்டாம். பஸ் நிறுத்தம் மாதிரி ஒரு மேடையும் கூரையும் போதும். 1895-லேயே மின்சார டிராம் ஓடி, 1953-ல் அதை மூட்டை கட்டிய ஊருக்கு இது அப்படியொன்றும் புதிதில்லை.

நகரத்தின் நடுவுக்கே போகாத ரயிலால் என்ன பிரயோஜனம் என்று யாராவது கேட்டால், அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தைக் காட்டுங்கள். வாஷிங்டனை ஒட்டிய இரண்டு புறநகர் மாவட்டங்களில் பர்ப்பிள் லைன் என்று ஒரு லைட் ரயில் போடுகிறார்கள். பெதஸ்டாவிலிருந்து நியூ கரோல்டன் வரை 26 கிலோமீட்டர், 21 நிலையம். அந்தத் தடம் வாஷிங்டனுக்குள் கால் வைப்பதே இல்லை. தலைநகரிலிருந்து வெளியே கிளம்பும் மெட்ரோ தடங்களைப் புறநகரிலேயே ஒன்றோடொன்று இணைப்பதுதான் அதன் வேலை. மணலித் தடமும் இதையேதான் செய்யும். ஒரு முனையில் விம்கோ நகர் மெட்ரோவும் மின்சார ரயிலும், மறுமுனையில் மாதவரம் பால்பண்ணையில் இரண்டு மெட்ரோ தடங்கள். மணலியில் ஏறுகிறவர் எந்தப் பக்கம் போனாலும் ஊர் முழுக்கப் போய்விடலாம். பெரம்பூர், புரசைவாக்கம், கீழ்ப்பாக்கம் போக வேண்டிய திருவொற்றியூர்க்காரர் சென்ட்ரல் வரை இறங்கிச் சுற்ற வேண்டாம்.

அதே பர்ப்பிள் லைனில் பயப்பட வேண்டிய சங்கதியும் இருக்கிறது. 2017-ல் வேலை தொடங்கியது, 2022-ல் ஓடும் என்றார்கள். 2020-ல் கட்டுமான ஒப்பந்தக்காரர் செலவுத் தகராறில் பாதியில் விட்டுப் போனார். இப்போது 2027 கடைசி என்கிறார்கள். வழக்கு ஒரு காரணம், இடம் கையில் வரத் தாமதமானது ஒரு காரணம், அப்புறம் நிலத்தடிக் குழாய்களையும் கேபிள்களையும் நகர்த்துவதில் ஏற்பட்ட இழுபறி. இந்தக் கடைசிக் காரணம்தான் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. மணலி மண்ணுக்கடியில் என்னவெல்லாம் போகிறது என்று உங்களுக்குத் தெரியும். துறைமுகத்திலிருந்து சுத்திகரிப்பு ஆலைக்குக் கச்சா எண்ணெய்க் குழாய், ஆலையிலிருந்து வெளியே போகும் எரிபொருள் குழாய், குடிநீர்க் குழாய், உயர் அழுத்தக் கேபிள். 2013-ல் தண்டையார்பேட்டையில் குழாய் கசிந்து கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதந்ததை வடசென்னையில் யாரும் மறக்கவில்லை.

இதில் தோண்டுவது மட்டும் பிரச்சினை இல்லை. லைட் ரயில் பெரும்பாலும் 750 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடும். மேலே கம்பியிலிருந்து எடுத்த மின்சாரம் தண்டவாளம் வழியாகத் துணைமின் நிலையத்துக்குத் திரும்ப வேண்டும். தண்டவாளத்துக்கும் மண்ணுக்கும் நடுவே காப்பு சரியில்லை என்றால் அதில் கொஞ்சம் மண்ணுக்குள் கசிந்து, பக்கத்தில் இருக்கும் இரும்புக் குழாயில் ஏறிப் பயணம் செய்யும். குழாயை விட்டு அது வெளியேறுகிற இடத்தில் இரும்பு அரித்துக்கொண்டே வரும். வருடக்கணக்கில் வெளியே தெரியாது. வேறு ஊரில் இது பராமரிப்புத் துறையின் தலைவலி, மணலியில் இது உயிர்ப் பிரச்சினை. ஆகவே தடம் எது என்று முடிவு செய்யும் முன்பே குழாய் வைத்திருக்கும் எல்லா நிறுவனங்களையும் ஒரே மேஜையில் உட்காரவையுங்கள். எந்தக் குழாய் எந்த ஆழத்தில் போகிறது என்று வரைபடம் வாங்குங்கள், வாங்கினால் போதாது, குழி வெட்டிச் சரிபாருங்கள். காகிதத்தில் சாலை ஓரமாக இருக்கும் குழாய், நிஜத்தில் நடுரோட்டில் இருக்கும்.

அடுத்தது தண்ணீர். கொசஸ்தலை ஆறு, பக்கிங்காம் கால்வாய், சதுப்பு நிலம் எல்லாம் சூழ்ந்த ஊர் இது. 2015-லும் 2023-லும் மணலி புதுநகர் எப்படி மிதந்தது என்று படங்கள் உங்களிடமே இருக்கும். சாலையை உயர்த்தி உயர்த்தி வீடுகள் பள்ளத்துக்குப் போன தெருக்கள் எங்கள் பக்கம் நிறைய. தண்டவாளத்தையும் மண்மேடு போட்டு உயர்த்தினீர்கள் என்றால் அது ரயில் பாதையாக இருக்காது, அணையாக இருக்கும். தண்ணீர் கிழக்கே கால்வாய்க்கு ஓடுகிற இடத்திலெல்லாம் அகலமான மதகு வேண்டும். அந்தக் கணக்கைப் போடுவதற்கு ரயில் பொறியாளர் போதாது, நீர்வளத்துறையும் கூட இருக்கணும்.

இப்போது லாரிக்கு வருகிறேன். மணலியைப் பற்றிப் பேசிவிட்டு லாரியைப் பேசாமல் விட்டால் ஊரில் என்னைச் சேர்க்க மாட்டார்கள்.

காலை எட்டு மணிக்கு சாத்தாங்காடு பக்கம் வந்து நில்லுங்கள். நாற்பதடிக் கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் ஒன்று இடதுபக்கம் திரும்ப வேண்டும். ஒரே வீச்சில் திரும்ப முடியாது. முதலில் எதிர்ப்பக்கத்துக்கு மூக்கை நீட்டும். கிளீனர் குதித்து இறங்கி, தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசி, எதிரே வரும் வண்டிகளை நிறுத்துவான். ஸ்கூட்டியில் பிள்ளையை முன்னால் நிற்கவைத்துக்கொண்டு வரும் அம்மா, சைக்கிளில் ஒப்பந்தத் தொழிலாளி, பத்துப் பேரை அடைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ, எல்லோரும் அவன் துண்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். டிரெய்லரின் வால் திரும்பும்போது பின்சக்கரம் சாலை ஓரத்து மண்ணில் ஏறி இறங்கும். அந்த ஓரத்தில்தான் நடக்கிறவர்கள் நிற்கிறார்கள். புழுதி அடங்குவதற்குள் அடுத்த டிரெய்லர். இரண்டு துறைமுகம் இந்தப் பக்கம், எண்ணூரில் காமராஜர், அதையடுத்துக் காட்டுப்பள்ளி. தெற்கே சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் வரை நீளும் வரிசையைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இப்படிப்பட்ட சாலையில் தரையோடு தண்டவாளமா என்று கேட்பீர்கள். தரையோடுதான். எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டத்தில் பல வருடம் இழுத்தடித்து இந்தச் சாலைகளை அகலப்படுத்தினார்கள். சுத்திகரிப்பு ஆலைச் சாலையிலும் உள்வட்டச் சாலையின் வடபகுதியிலும் நடுவில் இரண்டு தடம் பிரிக்க இடம் கிடைக்கும். விம்கோ நகரை விட்டு மேற்கே வரும்போது ரயில் பாதையையும் பக்கிங்காம் கால்வாயையும் தாண்டும் இடத்தில் பாலம் கட்டாமல் முடியாது, கட்டுங்கள். மிச்ச இடத்திலெல்லாம் தூண் நட்டு மேலே தூக்கினால் செலவு எகிறும், மேலே போகும் உயர் அழுத்த மின்கம்பிகள் குறுக்கே வரும். படிக்கட்டு ஏறத் தெம்பில்லாதவர்கள் லிஃப்ட் வேலை செய்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். டிரெய்லர் திரும்புகிற சந்திப்புகள் எத்தனை என்று எண்ணி, அங்கே மட்டும் தனி சிக்னல் வையுங்கள். ரயில் வரும் சில விநாடிகள் டிரெய்லர் நிற்கட்டும். இவ்வளவு நாள் நாங்கள் அதற்காக நிற்கவில்லையா?

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. துறைமுகம்–மதுரவாயல் ஈரடுக்குப் பாலம் கட்டுகிறார்கள். எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் பக்கம் வரை சுமார் 133 கிலோமீட்டர் எல்லைச் சாலை போடுகிறார்கள். இரண்டும் முழுதாக ஓடத் தொடங்கினால் ஊருக்குள் வரும் லாரியில் ஒரு பகுதி அந்தப் பக்கம் போய்விடும். காலியாகிற சாலையைச் சும்மா விட்டால் மூன்றே மாதத்தில் காரும் நிறுத்தி வைத்த லாரியும் அதை நிரப்பிவிடும். லாரி விலகுகிற அந்த வாய்ப்பிலேயே நடுத்தடத்தைப் பிடித்துவிட வேண்டும். அதற்கான ஆணையை இப்போதே போட்டுவைக்க உங்கள் குழுமத்தால் முடியும். நெடுஞ்சாலை, மாநகராட்சி, மெட்ரோ, மாநகர பஸ் விடும் எம்.டி.சி., ரயில்வே என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்காமல் இருக்கத்தானே 2010-ல் சட்டம் போட்டு உங்களை உருவாக்கினார்கள், முதலமைச்சரையே தலைவராக வைத்தார்கள்.

கட்டணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் திட்ட அறிக்கைகளில் இது கடைசி அத்தியாயத்தில்தான் வரும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எங்கள் குடோன் பெண்களின் வீட்டுக் கணக்கு அந்த ஒரு உத்தரவில் மாறியது. பஸ் வருகிற நாள் செலவில்லை. பஸ் வராத நாள் ஷேர் ஆட்டோவுக்குப் போக இருபது, வர இருபது. மாதக் கடைசியில் பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் நிற்பவர்களை நான் பார்க்கிறேன். அந்த நாற்பது ரூபாய் பால் பாக்கெட்.

நாளைக்கு லைட் ரயில் வந்து, அதே சாலையில் ஓடிய பஸ்ஸை "இணைப்புச் சேவை" என்று பெயர் மாற்றி உள்தெருவுக்குத் திருப்பிவிட்டு, ரயிலில் இருபது ரூபாய் என்றீர்கள் என்றால், பளபளக்கும் வண்டி ஓடும், எங்கள் பெண்கள் ஷேர் ஆட்டோவில்தான் போவார்கள். பஸ், மின்சார ரயில், மெட்ரோ எல்லாவற்றுக்கும் ஒரே க்யூ.ஆர். டிக்கெட் என்று 2025 செப்டம்பரில் சென்னை ஒன் செயலியை விட்டீர்கள். நல்ல காரியம். டிக்கெட்டை ஒன்றாக்கியவர்கள் சலுகையையும் ஒன்றாக்க வேண்டும். இந்தத் தடத்தில் கட்டணம் எம்.டி.சி. சாதாரண பஸ்ஸோடு சமமாக இருக்கட்டும், பெண்களுக்கு அதே சலுகை இருக்கட்டும், அதற்கான மானியத்தைத் திட்டச் செலவோடு சேர்த்து முதல் நாளே எழுதிவிடுங்கள்.

நேரமும் அப்படித்தான். மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளில் காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று ஷிப்டு மாறும். நிரந்தரத் தொழிலாளிக்குக் கம்பெனி பஸ் உண்டு, ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கால் உண்டு. ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவர் ஐந்தரைக்கு வாசலில் நிற்கணும், ஐந்து மணிக்கு முதல் வண்டி என்றால் அவருக்கு அது வண்டியே இல்லை. இரவுப் பத்து மணி ஷிப்டு விட்டு வருகிறவர் குளித்து, உடுப்பு மாற்றிக் கேட்டுக்கு வரப் பத்தரை ஆகும். நாலரைக்கு முதல் வண்டி, நள்ளிரவுக்குப் பக்கத்தில் கடைசி வண்டி. ஒரு பெட்டியில் இருக்கை இல்லாத ஒரு மூலையும் விடுங்கள், மீன் அன்னக்கூடையோடு வரும் பெண்களுக்கு. வாசனை வரும் என்பவர்கள் அடுத்த பெட்டியில் ஏறிக்கொள்ளலாம், மணலியில் அதைவிட மோசமான வாசனையெல்லாம் வருகிறது.

வாசனை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் நள்ளிரவில் அம்மோனியா கசிந்தபோது ஜனங்கள் கையில் கிடைத்த வண்டியில் ஏறி ஓடினார்கள். தொழிற்சாலைகளை ஒட்டிய ஊர்களிலிருந்து ஆட்களை அவசரத்தில் வெளியேற்றுவதும் இந்தத் தடத்தின் திட்டத்தில் ஒரு பக்கமாவது வரட்டும்.

பறக்கும் ரயிலை உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. 1995-ல் ஓடத் தொடங்கி, 2007-ல் வேளச்சேரியைத் தொட்டது. அங்கிருந்து பரங்கிமலைக்கு மிச்சமிருந்த 5 கிலோமீட்டர் நிலத் தகராறில் வருடக்கணக்கில் நின்றது. கல்யாண மண்டபம் அளவுக்கு நிலையங்கள், கீழே பஸ் நிற்க இடமில்லை. இங்கே நிலையம் சின்னதாக இருந்தால் போதும், விம்கோ நகரிலும் பால்பண்ணையிலும் இறங்கி அடுத்த வண்டிக்குப் போகும் நடை கூரையோடு, சில நிமிடத்தில் முடிகிற மாதிரி இருக்கணும்.

மீஞ்சூரை மறந்துவிட்டேன் என்று அந்தப் பக்கத்துக்காரர்கள் கோபிப்பார்கள். மறக்கவில்லை. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை 62 கிலோமீட்டரும் போட்டபோதே பிற்காலத்தில் ரயில் வர இடம் ஒதுக்கினார்கள். மணலியிலிருந்து புதுநகர் வழியாக டி.பி.பி. (திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி) சாலையில் மேலே போய் அதைத் தொடுவது இரண்டாவது கட்டமாக இருக்கட்டும். அதுவரை அந்த ஒதுக்கிய இடத்தில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் வர வருடக்கணக்கில் ஆகும் என்று எனக்கும் தெரியும். அதற்கு முன்னால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சார பஸ்களை விட்டார்கள். அப்படிப்பட்ட பஸ்ஸை விம்கோ நகர் மெட்ரோவிலிருந்து சாத்தாங்காடு, மணலி வழியாக மாதவரம் பால்பண்ணைக்குப் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று ஒரு வருடம் விட்டுப் பாருங்கள். முக்கியமான சந்திப்புகளில் பஸ்ஸுக்கு முதல் சிக்னல் கொடுங்கள். எங்கே எவ்வளவு பேர் ஏறுகிறார்கள், எந்த ஷிப்டில் கூட்டம், எங்கே டிரெய்லர் மறிக்கிறது என்பதெல்லாம் ஆய்வு நிறுவனத்துக்குக் காசு கொடுக்காமலே தெரிந்துவிடும். கூட்டம் வரவில்லை என்றால் ரயிலை விட்டுவிடுங்கள், நான் மறுபடி எழுதி உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் பத்து நிமிடம்தான். அரை மணிக்கு ஒன்று விட்டுவிட்டு "வரவேற்பு இல்லை" என்று எழுதிவிடாதீர்கள், அந்த வித்தை எங்களுக்குப் பழக்கம்.

தடத்தின் வரைபடத்தையும் திட்ட அறிக்கையையும் தமிழில் அச்சிட்டு மணலி, திருவொற்றியூர், மாதவரம் மண்டல அலுவலகங்களில் வையுங்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தை நகர நடுவில் ஹோட்டலில் வைக்காமல் மணலியில் ஏதாவது மண்டபத்தில் வையுங்கள். வேலைநாளில் வைப்பதாக இருந்தால் இரவு எட்டு மணிக்கு மேல்தான் வைக்கணும். அதற்கு முன்னால் மாதவரத்திலிருந்து எங்களால் வந்து சேர முடியாது.

இப்படிக்கு,
மணலியிலிருந்து ஒரு பயணி